கரும்பு இனித்த ஊரில் கசப்பு தேடிய கதை

பட்டினத்தார் கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்த கதை உங்களுக்குத் தெரியும். எந்தத் தலத்தில் அந்தக் கரும்பின் நுனி இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது சிவபெருமான் போட்ட கண்டிஷன். பேய்க்கரும்பை மாடுகூட யோசித்துத்தான் வாயில் வைக்கும். மனிதர் விடாமல் கடித்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசியில் திருவொற்றியூர்க் கடற்கரையில் அது இனித்தது. அங்கேயே சமாதி ஆனார். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

பக்தர்கள் இதைத் திருவருள் என்பார்கள். எனக்கென்னவோ வடசென்னையில் பதிவான முதல் சுகர் டெஸ்டாகத்தான் இது படுகிறது. ஒரே கரும்பு, பல ஊர், சுவைத்துப் பார்க்க ஒரே ஒரு ஆள். அதே ஆள்தான் முடிவையும் சொன்னார். சொன்ன கையோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டதால் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. அதற்குப் பிறகு நம் நாட்டில் நடந்த சர்க்கரை நோய் மூலிகை ஆராய்ச்சிகளில் பாதிக்கு மேல் இதே இலக்கணத்தில்தான் நடந்தன என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பகுதியின் பூகோளமே கொஞ்சம் வில்லங்கமானது. வடக்கே கரும்பு இனித்த திருவொற்றியூர். தெற்கே பாரிமுனை. அந்தப் பாரி கம்பெனி 1842-லேயே நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நடத்திய கம்பெனி. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர் ராயபுரம். சுகர் வராமல் வேறென்ன வரும்?

ராயபுரத்துக்காரர்களுக்கு முதலில் வந்தது சுகர் அல்ல, பசி. 1782-இல் ஹைதர் அலியின் படை ஒரு பக்கம், பஞ்சம் இன்னொரு பக்கம். கிராமத்து ஜனங்கள் கோட்டையை நம்பி மதராசுக்கு ஓடிவந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்ததுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களுக்கு நோயும் இருந்ததால் சத்திரத்தோடு வைத்தியசாலை சேர்ந்தது. அது வளர்ந்து ஆஸ்பத்திரி ஆனது. பின்னாளில் கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டி, 1938-இல் மருத்துவக் கல்லூரியையும் வைத்தார்கள். போர்டில் கவர்னர் பெயர். ஜனங்கள் வாயில் மட்டும் அது 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'யாகவே இருந்தது. துரை பெயர் வாயில் நுழையாதது ஒரு காரணம், கஞ்சி நுழைந்தது இன்னொரு காரணம்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். பசியால் வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய அதே இடத்தில், 1948-இல், சோறு தின்று கெட்டவனுக்கென்று தனிப்பிரிவு ஒன்றைத் திறந்தார் டாக்டர் எம். விசுவநாதன். நாட்டிலேயே முதல் நீரிழிவுப் பிரிவு என்று அதைச் சொல்கிறார்கள். அதே வருஷம்தான் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியும் பிறந்து, பிறகு எண்ணூரில் கார் பூட்டியது. நடப்பதைக் குறைக்க ஒரு கம்பெனியும், நடக்காதவனைப் பார்க்க ஒரு டாக்டரும் ஏறக்குறைய ஒன்றாகவே வடசென்னைக்கு வந்து சேர்ந்தார்கள்.

டாக்டர் வரும்வரை மூலிகைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கதைக்கு வருவோம். அதுதான் நம் கதை.

சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கும் வேலையை ஆதியில் செய்தது எறும்பு. நோயாளி ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தால் நோய் உறுதி. நம் பழைய வைத்தியர்கள் இதைக் கவனித்து எழுதி வைத்தார்கள். எறும்பை வேலைக்கு வைக்கத் தோன்றாத தேசங்களில் டாக்டரே எறும்பின் வேலையைப் பார்த்தார். 1674-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், நோயாளியின் சிறுநீரைச் சுவைத்துவிட்டுத் தேன் கலந்ததைப் போல் இனிக்கிறது என்று எழுதினார். எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு அந்தக் காலத்தில் இவ்வளவு போட்டி இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆக, நாக்குதான் லேப். அந்த லேபைப் பூட்டிவிடும் இலை ஒன்று நம் வேலியோரத்தில் படர்ந்து கிடந்தது: சிறுகுறிஞ்சான். இரண்டு இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள். மணல். தித்திப்பு சுத்தமாகக் காணாமல் போயிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் பேக்கன்ஹாம் எட்ஜ்வொர்த் இதை 1847-இல் லண்டன் லின்னேயன் சொசைட்டியில் சொல்லி வெள்ளைக்காரர்களை வாய்பிளக்க வைத்தார். வைத்தியரும் இதை மென்றுவிட்டு சிறுநீரைச் சோதித்திருந்தால், அன்றைய தினம் வந்த நோயாளிகள் அத்தனை பேரும் குணமாகியிருப்பார்கள்.

நாற்பது வருஷம் கழித்து ஊட்டியிலிருந்து டேவிட் ஹூப்பர் என்பவர் களத்தில் இறங்கினார். அவர் வேலை அரசாங்கத்தின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா எடுப்பதை மேற்பார்ப்பது. சதா கசப்போடு குடித்தனம் நடத்தும் மனிதருக்குச் சிறுகுறிஞ்சான் கிடைத்தால் என்ன செய்வார்? மென்றார். சர்க்கரை மணலானது, கூடவே கொய்னாவும் கசப்பிழந்து சுண்ணாம்புக்கட்டி ஆனது. இலையிலிருந்த சரக்கைப் பிரித்தெடுத்து ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வைத்து 1887-இல் எழுதினார். அந்த அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் மொட்டுகளின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் சர்க்கரை உள்ளே நுழைய முடிவதில்லை என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். ஓரிரு மணி நேரத்தில் அது எழுந்து போய்விடும்.

இதில் தர்க்கம் எங்கே சறுக்கியது என்று கவனிக்க வேண்டும். வாயில் சர்க்கரையைக் கொல்கிறது, ஆகவே ரத்தத்திலும் கொல்லும். இந்த ஒரு 'ஆகவே'யை நம்பித்தான் நூறு வருஷம் வண்டி ஓடியது. கண்ணை மூடிக்கொண்டால் கடன்காரன் தெரிய மாட்டான் என்பது உண்மைதான். ஆனால் கடன் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1928-இல் கல்கத்தாவில் சோப்ராவும் அவர் சகாக்களும் நோயாளிகளுக்குச் சிறுகுறிஞ்சான் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். இரண்டே வருஷத்தில், 1930-இல், பம்பாயிலிருந்து மஸ்கரும் கெய்யஸ் பாதிரியாரும் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்துச் சர்க்கரை இறங்குகிறது என்றார்கள். கல்கத்தாவில் இல்லை, பம்பாயில் உண்டு. இந்தப் பம்பாய் ஜோடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாம்புக்கடிக்கு நல்லது என்று நாடு முழுக்கச் சொல்லப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளை வரிசையாகச் சோதித்து, ஒன்றுகூட உதவாது என்று 1931-இல் ஈவு இரக்கமில்லாமல் எழுதிய கறார் பேர்வழிகள் அவர்கள். அப்படிப்பட்டவர்களே 'உண்டு' என்று சொன்ன இலை என்பதால்தான் நான் இந்த இலையை முழுக்கக் கிண்டல் செய்யாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

சரி, 1948-க்குத் திரும்புவோம். அன்றைய சுகர் பிரிவின் ஆயுதம் என்ன தெரியுமா? ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு டெஸ்ட் டியூப், நீல நிறத்தில் ஒரு திரவம். அதைக் கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயரும் ஸ்டான்லிதான், ஸ்டான்லி பெனிடிக்ட். கவர்னருக்கு உறவில்லை. ஐந்து மில்லி திரவத்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் நோயாளி பூமாலை போட்ட மாப்பிள்ளை. பச்சை என்றால் லேசாக இருக்கிறது. மஞ்சள் என்றால் கவலை. ஆரஞ்சு என்றால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். செங்கல் நிறம் வந்துவிட்டால் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுத் திட்டுவார். தின்றது இவன், திட்டு அவளுக்கு. எறும்பும் நாக்கும் செய்த வேலையைக் கண் செய்ய ஆரம்பித்த காலம் அது. ஒரு சங்கடம்: ரத்தத்தில் சர்க்கரை 180 வாக்கில் ஏறினால்தான் சிறுநீரில் தலைகாட்டும். 170-இல் இருப்பவனுக்கும் டியூப் நீலமாகவே நிற்கும். "நம்ம மூலிகையில் சரியாயிடுச்சு" என்று அந்தக் காலத்தில் கிளம்பிய பல புகழ்கள் இந்த நீல நிறத்தில் குளித்துக் கிளம்பியவை.

விசுவநாதன் 1954-இல் ராயபுரத்திலேயே சர்க்கரை நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரியும் தொடங்கினார். மேற்கு மாதா கோயில் தெருவில் அது இருக்கிறது. மேல்நாட்டுப் புத்தகங்கள் மாவுச்சத்தைக் குறை, கொழுப்பைக் கூட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் சோற்றைத் தவிர வேறெதற்கும் வழியில்லாத ஜனங்களைப் பார்த்து, மாவுச்சத்து இருக்கட்டும், நார்ச்சத்தை ஏற்று என்று மாற்றிச் சொன்னவர் அவர். இலை தழை விஷயத்தில் அந்தத் தலைமுறை செய்த பெரிய காரியம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: கீரையைப் பொடி செய்யாமல் கீரையாகவே தின்னச் சொன்னது.

ஆனால் கீரையை ஆராய்ச்சிக் கட்டுரையாக்க முடியாதே! அதற்கு எலி வேண்டும்.

எலியின் சோக வரலாறு ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. 1943-இல் கிளாஸ்கோவில் டன் என்பவரும் சகாக்களும், குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கியவர்களுக்கு ஏன் சிறுநீரகம் கெடுகிறது என்று பார்க்க முயல்களுக்கு ஏதேதோ ஊசி போட்டார்கள். அதில் அலாக்ஸான் என்ற சரக்கு, சிறுநீரகத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கணையத்தைக் காட்டிக் கொடுத்தது. இன்சுலின் சுரக்கும் செல்களை மட்டும் பார்த்துப் பார்த்துச் சாகடித்திருந்தது. ஆஹா, வேண்டும்போது சர்க்கரை நோயாளியைத் தயாரிக்கலாம்! அன்றிலிருந்து உலகத்து எலிகளுக்கும் முயல்களுக்கும் நிம்மதி போயிற்று. பின்னாலேயே ஸ்ட்ரெப்டோசோட்டோசின் வந்தது. பிஎச்.டி. வேண்டுமா? எலி பத்து, ஊசி ஒன்று, கொல்லையில் ஏதாவது ஒரு செடி.

நம் சென்னைக் காட்சி தரமணியில் நடந்தது. நோயாளிகள் வடக்கே, முயல்கள் தெற்கே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரமும் ராதா சண்முகசுந்தரமும் சிறுகுறிஞ்சானைக் கையில் எடுத்தார்கள். 1980-களில் முயல், அப்புறம் எலி. எலியின் கணையத்தில் செத்த செல்கள் மறுபடி முளைப்பதாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். இலைச்சாற்றுக்கு ஜிஎஸ்4 என்று பெயர். ரேஷன் கார்டு நம்பரைப் போல இருந்தாலும் அமெரிக்கா வரை போன பெயர்.

இவர்களை மற்ற எலி வைத்தியர்களோடு சேர்க்கக் கூடாது. இவர்கள் மனிதனிடம் வந்தார்கள். தினம் 400 மில்லிகிராம் ஜிஎஸ்4. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் 27 பேர். மாத்திரை சாப்பிடுபவர்கள் 22 பேர். இரண்டாவது குழுவுக்குப் பதினெட்டு முதல் இருபது மாதம் கொடுத்தார்கள். 22 பேரில் 5 பேர் மாத்திரையையே விட்டுவிட்டு இலைச்சாற்றில் மட்டும் நின்றார்கள். இரண்டு கட்டுரைகளும் 1990-இல் வெளிவந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் எந்த தேசத்துச் சிறுகுறிஞ்சான் டப்பாவின் பின்னாலும் பெருமையாக நிற்பது அந்த 22 பேர்தான்.

குறை என்ன? யாருக்கு இலை, யாருக்கு வெறும் மாவு என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. சாப்பிட்டவருக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டோமே என்ற பயத்திலேயே ஒரு மனிதன் ஜிலேபியை விடுவான். அவன் சர்க்கரை இறங்கியதற்கு இலை காரணமா, விட்ட ஜிலேபி காரணமா? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் சீட்டுக் குலுக்கல். முயல்கூட முழு நம்பிக்கைக்குரியதல்ல. அலாக்ஸான் ஊசி போட்ட பிராணிகள் சில சமயம் எந்த மருந்தும் இல்லாமலே தேறிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் எந்த இலை இருக்கிறதோ அதற்குப் பெயர்.

செய்ய வேண்டியது சுலபமாகவே தெரிந்தது: 22-ஐ 2,200 ஆக்குவது. அதை யாரும் செய்யவில்லை. பதிலாக எல்லோரும் அடுத்த செடிக்குப் போனார்கள்.

ஆவாரம்பூவுக்கு வந்தார்கள். ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்று பழமொழி வைத்திருக்கும் ஜனங்கள் நாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாரியும் லதாவும் பூவின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துச் சர்க்கரை குறைந்ததாக 2002-இல் எழுதினார்கள். நல்ல வேலைதான். அளவைப் பாருங்கள்: எலியின் எடையில் கிலோவுக்கு 0.45 கிராம். அப்படியே பெருக்கினால் 60 கிலோ ஆளுக்குத் தினம் 27 கிராம் சாறு. அப்படிப் பெருக்கக் கூடாது. எலியின் உடம்பு வேகமாக எரிக்கிற உடம்பு, மனிதனுக்கு அதைப் பல மடங்கு குறைத்துத்தான் கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தெரியும். பொட்டலம் கட்டுபவருக்கு?

ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் இப்படி ஒரு உரையாடலை எந்த நாளும் கேட்கலாம்.

"தம்பி, சுகருக்கு இன்னா இருக்குது?"

"எவ்ளோ இருக்குதுக்கா உனுக்கு?"

"முந்நூறு."

"சாப்ட்டா, சாப்டாமயா?"

"சாப்டாம எப்டிப்பா இருக்க முடியும்?"

நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, வெந்தயம் எல்லாம் ஒரே பொடியாகக் கைக்கு வரும். அளவு கேட்டால், "ஒரு ஸ்பூன்." எந்த ஸ்பூன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நியாயமாகச் சொன்னால், ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. வேங்கை மரத் தம்ளரில் ராத்திரி தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிக்கும் வழக்கத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கையில் எடுத்து, பல ஊர்களில் புதிதாக நோய் கண்டவர்களுக்கு வேங்கைச் சாறு கொடுத்தது. 97 பேரில் 67 பேருக்குப் பன்னிரண்டு வாரத்தில் கட்டுப்பட்டதாக 1998-இல் அறிக்கை வந்தது. இலங்கையில் கொத்தல இம்புட்டு என்ற கொடியின் கட்டையில் குடைந்த குவளை பிரசித்தம். அங்கே அதைத் தேயிலையாக்கி 51 பேருக்கு, யாருக்கு எது என்று யாருக்குமே தெரியாதபடி, மூன்று மாதம் அசல், மூன்று மாதம் டூப்ளிகேட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அசல் ஜெயித்தது; 2005-இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் கணக்கு நேர்மையானது. பாகற்காய்க்குத்தான் அவமானம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனைகளாகப் பொறுக்கியெடுத்து 479 பேரின் கணக்கை, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் ஆய்வாளர்கள் 2012-இல் பார்த்து, மருந்து என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுவிட்டார்கள். எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அழுதுகொண்டே தின்றதற்கு இதுதான் கூலி.

இப்போது ஒரு வெள்ளைக்காரக் களைச்செடியின் கதை. ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி. பிளேக்குக்கும் பேதிக்கும் கொடுத்தார்கள். ஆடு மேய்ந்தால் சில நேரம் செத்தும் போனது. அதிலுள்ள குவானிடின் சர்க்கரையை இறக்குகிறது, கூடவே ஆளையும் இறக்கப் பார்க்கிறது என்று தெரிந்தது. விஷத்தைத் தட்டி நிமிர்த்தி 1922-இல் டப்ளினில் ஒரு சரக்கைச் செய்தார்கள், செய்துவிட்டு மறந்தார்கள். 1957-இல் பிரான்சின் ழான் ஸ்டெர்ன் அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அமெரிக்கா அனுமதிக்க 1994 வரை யோசித்தது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 5,102 நோயாளிகளைச் சேர்த்த ஒரு பெரிய ஆய்வு, 1998-இல் முடிவு சொன்னபோது, பருமனானவர்களுக்கு அந்த மருந்து மாரடைப்பையும் குறைக்கிறது என்றது. அதுதான் மெட்ஃபார்மின். மூலிகைதான் ஐயா அதுவும்! மூலிகைக்குப் பிறந்து, படித்து, பரீட்சை எழுதிப் பாஸான பிள்ளை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம் வீட்டு வாசலுக்கே வந்து தன்னார்வலர் கொடுத்துவிட்டுப் போகும் மாத்திரை அது. அதை "இங்கிலீஷ் மருந்து, கிட்னி போயிடும்" என்று அரிசி டப்பாவில் ஒளித்துவிட்டு, பரீட்சைக்கே வராத பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பதுதான் நம் கெட்டிக்காரத்தனம்.

சிறுகுறிஞ்சான் தோற்றுப்போன இலை என்று நான் சொல்லவில்லை. ஹால் டிக்கெட்டோடு வாசலில் நிற்கும் இலை அது. 1930-இல் கறார் பேர்வழிகள் 'உண்டு' என்றார்கள், 1990-இல் 22 பேர் சாட்சி சொன்னார்கள், அதற்கப்புறம் பெரிய பரீட்சைக்கு மண்டபத்தின் பூட்டைத் திறக்க ஒருவரும் வரவில்லை. செடிக்குக் காப்புரிமை வாங்க முடியாது, வாங்க முடியாததற்குக் கம்பெனி செலவு செய்யாது. அரசாங்கம் செய்யலாம். சுமார் பத்துக் கோடிச் சர்க்கரை நோயாளிகள் இருக்கிற நாட்டில், நூறில் பதினான்கு பேருக்கு மேல் சுகர் இருக்கிற தமிழ்நாட்டில், இரண்டாயிரம் பேரைச் சேர்ப்பது கஷ்டமா? கஞ்சித்தொட்டி ஓ.பி. வரிசையில் சில நாள் காலையில் போய் நின்றாலே போதும்.

அதுவரை பொடி தின்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடனே வேலை செய்யும் மூலிகையைக் கண்டால் சந்தேகப்படுங்கள். 'இயற்கை' என்று விற்ற சீன மூலிகை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மாத்திரையை இடித்துக் கலந்திருந்ததைக் கலிபோர்னியாவில் 2000-இலேயே பிடித்திருக்கிறார்கள். டாக்டர் மாத்திரையும் பொடியும் ஒன்றாகச் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, ராத்திரியில் வேர்த்து மயங்கி விழுவீர்கள். ஸ்டான்லி ஓ.பி.யில் பார்க்கக் காசு வாங்குவதில்லை. அடுத்த தடவை போகும்போது பொடிப் பொட்டலத்தையும் பையில் எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேசையில் வையுங்கள். திட்டுவார், பரவாயில்லை.